கிச்சன் தரையில் நடந்த பரீட்சை

எங்கள் கம்பெனிக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி, கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு டைல்ஸ் கடை திறந்தார்கள். கம்பெனி ஆட்களில் முதலில் போய்ப் பார்த்தவன் நான்தான். டீ நேரத்தில், தலையெல்லாம் சிமென்ட் தூளோடு உள்ளே நுழைந்து ஒரு டைலைக் கையில் எடுத்தேன். பால் வெள்ளை. இத்தாலிச் சரக்கு என்றார் கடைக்காரர். அதில் என் முகம் அப்படியே தெரிந்தது. பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டேன். கடைக்காரர் வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னார்.

திரும்பி வந்து கூட்டாளியிடம் சொன்னேன்.

"மச்சான், நம்ம சோலி முடிஞ்சுது. பெட்டியில இருந்து எடுக்கும்போதே மூஞ்சி தெரியுது. உன் மூஞ்சியே தெரியும்னா பாத்துக்க."

"கதையாதை. இஞ்சை வந்து பிடி," என்றான் அவன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஷார்ஜாவில் நாங்கள் மொசைக் டைல் செய்துகொண்டிருந்தோம். சிமென்டையும் மார்பிள் சில்லையும் கலந்து மிஷினில் அழுத்தி எடுக்கிற கல் அது. அதைப் பதித்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. பதித்த புதிதில் மேடும் பள்ளமுமாக, அழுது வடிந்துகொண்டு கிடக்கும். மேலே சிமென்ட் பாலை ஊற்றி, சில நாள் காயவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே மிஷினால் தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுக் கல், அப்புறம் நடுத்தரக் கல், கடைசியில் நைஸ் கல். தேய்க்கத் தேய்க்க மேடு இறங்கும், பளபளப்பு ஏறும். அந்தத் தேய்க்கிற வேலை என்னுடையது. பதிக்கிறவன் செய்த தப்பையெல்லாம் தேய்த்து மறைக்கிறவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எட்டாவது பெயிலான ஒருத்தனுக்கு வேறு எங்கே அவ்வளவு மரியாதை கிடைக்கும்?

கூட்டாளி யாழ்ப்பாணத்துக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மிஷினில் கல் அழுத்துவது அவன் வேலை. ஆள் போதாத சைட்டுக்குப் பதிக்கவும் போவான். லேபர் கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. நான் சிவகங்கைப் பக்கம். 'ஆமாம்' என்பதற்கு அவன் 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக் கும்பிட்டு, "நமச்சிவாயத்தையும் சொல்லிரு மச்சான்" என்பேன். முதல் வருஷம் அவனுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வருஷம் சிரித்தான். மூன்றாம் வருஷம் அவனே 'ஓம்' சொல்லிவிட்டு என் கை எப்போது மேலே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

டைல்ஸ் கடை வந்து எட்டு மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் நின்றுபோனது. கான்ட்ராக்டர்களுக்கு அந்த வெளிநாட்டு டைல் வசதியாக இருந்தது. பதித்த மறுநாளே வீட்டுக்காரன் குடிவரலாம். தேய்க்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நானும் வேண்டாம். எங்கள் முற்றத்தில் அடுக்கிய மொசைக் கல் மேல் மணல் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் காலை மேனேஜர் எல்லோரையும் கூட்டி, கம்பெனி கலாஸ், மூடியாச்சு, எல்லாருக்கும் விசா கேன்சல், வியாழக்கிழமைக்குள் ஊருக்குப் போக ரெடியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏசி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஊருக்குப் போனால் அம்மா கோழி அடிப்பாள், அப்பா ஒரு மாதம் திட்டுவார், அப்புறம் மறுபடி ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்கலாம். கூட்டாளிக்கு அப்படி இல்லை. அந்த வருஷங்களில் அவன் வயதுப் பையன் ஒருத்தன் கொழும்பில் இறங்கி வடக்கே போவதென்றால், வழியில் ராணுவத்துக்காரர்கள் எத்தனை இடத்தில் இறக்கிவிடுவார்கள், எந்த இடத்தில் திரும்ப ஏற்றாமல் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவனோடு படித்த இரண்டு பேர் அப்படிப் போனவர்கள்தான். போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரவில்லை.

அன்றைக்கு அவன் மேல்கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ போய்ச் சேருவாய். எனக்கு வீடு வரைக்கும் போகேலாது மச்சான். இஞ்சை நிக்க ஏதாவது வழி வேணும்."

நான் எழுந்து லைட்டை அணைத்தேன்.

மறுநாள் காலை நாங்கள் இருபது பேரும் லேபர் ஆபீஸுக்குப் போனோம். யோசனை அவனுடையது. அரசாங்க ஆபீஸ் என்றால் எனக்கு எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வரும். போனால் நாளைக்கு வா என்பார்கள், நாளைக்குப் போனால் நேற்றே வந்திருக்க வேண்டும் என்பார்கள். இங்கே அதிகாரி ஒருவர் எங்களை வரிசையாக பெஞ்சில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உள்ளூர் அரபி. நாற்பது வயது இருக்கும். கணுக்கால் வரை தொங்கிய வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை. எங்களோடு இந்தியில் பேசினார். என் இந்தியைவிட அவர் இந்தி நன்றாக இருந்தது. ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு, என்ன வேலை, எத்தனை வருஷம், ஊருக்குப் போக இஷ்டமா, இங்கே வேறு வேலை செய்ய இஷ்டமா என்று கேட்டுத் தானே எழுதிக்கொண்டார். பிறகு போன் போட்டு மேனேஜரை வரச்சொன்னார். மேனேஜர் அரைமணி நேரத்தில் வந்தார். அவர் அவ்வளவு வேகமாக எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை.

மேனேஜர் நிறையப் பேசினார். வெளிநாட்டு டைல் வந்துவிட்டது, மார்க்கெட் போச்சு, தான் என்ன செய்ய முடியும் என்றார். அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உன்மேல தப்பு இல்ல. ஆனா டைல் வந்த அந்தக் கப்பல இவங்களும் கொண்டு வரல. இவங்க கையில இருக்கிற விசா எங்க முத்திரை. வியாழக்கிழமைக் கேன்சல் எல்லாம் கிடையாது."

அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாப், அந்தக் கப்பலையே நிறுத்திட்டா என்ன?" என்று கேட்டேன்.

இருபது பேரும் என்னை முறைத்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ போட்டிருக்கிற சட்டை எங்க செஞ்சது?"

காலரைத் திருப்பிப் பார்த்தேன். "கொரியா சாப்."

"வாட்ச்?"

"ஜப்பான்."

"ரூம்ல ரேடியோ இருக்கா?"

"அதுவும் ஜப்பான்தான்."

"அப்ப எந்தக் கப்பல நிறுத்துறது, நீயே சொல்லு."

மேனேஜர்கூடச் சிரித்தார். எனக்கு அந்த அதிகாரியைப் பிடித்துப்போனது. என்னைக் கிண்டல் செய்து ஜெயித்த ஆட்கள் ரொம்பக் குறைவு; ஆபீஸர்களில் அவர் ஒருவர்தான்.

அன்று அவர் போட்ட உத்தரவு இதுதான். ஒரு மாதத்துக்கு யாரையும் அனுப்பக்கூடாது. அதுவரை ரூமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு. அதற்குள் எங்களில் எவனை எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாலும், மேனேஜரின் கையெழுத்து இல்லாமலேயே விசாவை அங்கே மாற்றித் தருவார். லேபர் கார்டில் தொழிலின் பெயரையும் மாற்றித் தருவார். ஆனால் தொழிலை மாற்றினால் அந்த வேலை தெரியும் என்று அவர் கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும். கிடைக்காதவர்களுக்கு டிக்கெட்டும் சேர வேண்டியதும் கொடுத்து மரியாதையாக அனுப்ப வேண்டும். எங்களில் பலர் சமையல், வெல்டிங், தோட்டம் என்று சிதறி அலையத் தொடங்கினார்கள்.

கூட்டாளிக்கு ஒரு வழி கிடைத்தது, அதுவும் எங்களைத் துரத்திய டைலிடமே. ஒரு கட்டட கம்பெனியில் மெட்ராஸ்கார இன்ஜினியர் ஒருவர் இருந்தார். குடும்பத்தோடு துபாயில், கராமாவில் இருந்தவர். வெளிநாட்டு டைல் பதிக்கத் தெரிந்த ஆள் அவருக்கு அவசரமாக வேண்டியிருந்தது. ஒரே ஒரு விசாதான் இருந்தது. கூட்டாளி மொசைக் பதித்த சைட் ஒன்றை அவர் பார்த்திருந்ததால், "செஞ்சு காட்டட்டும், பாக்கலாம்" என்றார். ஒரு வில்லாவில் கிச்சன் தரை. புதன்கிழமை ஆரம்பித்து வியாழக்கிழமை முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காயும். சனிக்கிழமை காலை லேபர் ஆபீஸ் அதிகாரி வந்து பார்ப்பார். பிடித்தால் கையெழுத்து.

அந்த இரண்டு நாளும் நான் அவனுக்குக் கலவை போட்டுக் கொடுத்தேன். அவன் பதித்ததைப் பார்க்க வேண்டும். டைலைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, முதுகைத் துடைத்து, நூல் பிடித்து, இரண்டு டைலுக்கு நடுவில் தீக்குச்சி சொருகி, ரசமட்டம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவைப்பான். மொசைக்கில் யாரும் இந்தப் பாடு படுவதில்லை. எப்படியும் பின்னால் மிஷின் வரும். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எதிர்க்கடைக்குப் போய், அங்கே பதித்திருந்த தரையைக் குனிந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். அந்தக் கடைக்காரர் என்னைத்தான் விரட்டுவார், அவனை விட்டுவிடுவார்.

வியாழக்கிழமை சாயந்திரம் முடித்துவிட்டு, ஜன்னல் ஓரமாக ஒரு மூலையில் விரலை ஓட்டினான்.

"இதிலை ஒரு நூல் அளவு உயர்ந்து நிக்குது. இப்ப கிண்டினால் பக்கத்திலை உள்ளதும் அசையும். சனிக்கிழமை வெள்ளண வந்து அதை மட்டும் எடுத்து வைக்கவேணும்."

"நூல் அளவுக்குப் போயி கவலப்படுறியே," என்றேன்.

"அந்த மனிசன் பாத்திட்டால்?"

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கேம்ப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். நான் கராமாவில் ஊர்க்காரப் பையன்கள் ரூமுக்குச் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பையில் மூன்று கல் இருந்தது. முரட்டுக் கல், நடுத்தரம், நைஸ். ஒரு நூல் அளவு மேட்டை இறக்குவது எனக்கு அரைமணி வேலை. ஊரே ஜும்மாவுக்குப் போயிருந்தது. வில்லாவுக்கு இன்னும் கதவு போடவில்லை. நேராகக் கிச்சனுக்குப் போய், மண்டிபோட்டு, தண்ணீர் தெளித்து, முரட்டுக் கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் மொசைக்கில் மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே அதே கல், அதே பூ. அதனால் இந்த இத்தாலிக்காரனும் அப்படித்தான் என்று நினைத்தேன். வெள்ளைப் பால் கசிந்து வந்தது. துணியால் துடைத்தேன். பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. முதல் தேய்ப்பில் எப்போதும் மங்கத்தான் செய்யும். அதற்குத்தானே நைஸ் கல். மேட்டை இறக்கினால் சுற்றியிருப்பதையும் சமமாக இறக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில் முறை. ஒரு டைல் இரண்டாகி, இரண்டு நாலாகி, ஆறு டைல் தேய்த்தேன். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் துடைத்தபோது, முதலில் ஆரம்பித்த மூலையில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

துணியில் இருக்கிற அழுக்கு என்று நினைத்து மறுபடி துடைத்தேன். கோடு அகலமானது. அந்த வெள்ளை ஒரு தோல்தான், அதன் கீழே எல்லாம் சுட்ட மண் என்று அப்போதுதான் புரிந்தது. நைஸ் கல்லை எடுத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆறு டைலும் பள்ளிக்கூடத்துப் பழைய சிலேட்டு மாதிரி ஆகிவிட்டன. காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிக் கராமாவுக்குப் போனேன். அங்கே எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்திருந்தார்கள். பாதியில் கையைக் கழுவிவிட்டேன்.

சாயந்திரம் கேம்ப்புக்கு வந்தபோது அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "எப்பிடி, நல்லாய் இருக்கோ?" என்று என்னிடம் காட்டினான். இரண்டு மூன்று ஜோக் சொன்னேன். ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை. நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதை இன்றைக்கு எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் வில்லாவுக்குப் போனோம். அவன் கிச்சன் வாசலில் நின்றுவிட்டான். பிறகு உள்ளே போய்க் குனிந்து அந்த ஆறு டைலையும் தடவினான். திரும்பி என்னைப் பார்த்தான். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஷார்ஜாவில் இந்த வேலையைச் செய்யக்கூடிய முட்டாள் மொசைக் தேய்ப்பவன்தான், அவனுக்குத் தெரிந்த மொசைக் தேய்ப்பவன் நான்தான்.

"விசரா," என்றான். சத்தமே இல்லாமல்.

"மச்சான், அந்த மேட்ட இறக்கலாம்னுதான்..."

"தெரியும். இப்ப நீ வாய் திறக்காதை. ஆளில்லாத வீட்டுக்குள்ளை பூந்தனீ எண்டு தெரிஞ்சால் உன்னைப் பொலிசிலை குடுப்பாங்கள். நான் கதைக்கிறன்."

அதற்குள் வெளியே கார் வந்து நின்றது. இன்ஜினியரும் அதிகாரியும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். இன்ஜினியருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது? டைல போயி தேய்ச்சு வச்சிருக்கே?"

"என்ரை பிழை சார்," என்றான் கூட்டாளி. "பழைய பழக்கத்திலை செய்துபோட்டன்."

"பழக்கமா? நாளைக்கு ஒரு வில்லா முழுக்க இப்படித் தேய்ச்சா நான் என்ன பதில் சொல்றது?" இன்ஜினியர் அதிகாரி பக்கம் திரும்பி, இந்த ஆள் சரிப்படமாட்டான் என்று இந்தியில் சொன்னார்.

அதிகாரி கூட்டாளியிடம் கேட்டார். "நீயா செஞ்சே?"

அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை என்று அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"இல்ல சாப், நான்," என்றேன்.

இன்ஜினியர் கையை வீசினார். "நீ சும்மா இருய்யா. ரெண்டு நாளா பாக்கறேன், இவன் வாயத் தொறந்தா விளையாட்டுப் பேச்சுதான் சார். கூட்டாளியக் காப்பாத்தறான்."

நான் சத்தியம் செய்தேன். நேற்று ஜும்மா நேரத்தில் வந்தேன் என்றேன். பையில் கல் இருந்தது என்றேன். புதன்கிழமை இதே இன்ஜினியரிடம் நான், எங்கள் தாத்தாதான் தாஜ்மஹாலுக்குப் பாலிஷ் போட்டார் என்று சொல்லியிருந்தேன். அதனால் நான் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்துபோய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சு எடுபடவில்லையே என்று பயந்தேன்.

அதிகாரி கந்தூராவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அழுக்குத் தரையில் மண்டிபோட்டார். டைலில் இருந்த கீறல்களை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்ந்து பார்த்தார். எழுந்து, ஒதுக்கி வைத்திருந்த உடைந்த டைல் இரண்டை எடுத்து, ஒன்றை அவனிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். "கல் எங்கே?" என்றார். கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் தேய்ங்க. எப்பவும் தேய்க்கிற மாதிரி."

அவன் வலது கையால் தேய்த்தான். நான் இடது கைக்காரன். இடது கையால் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் போதும் என்று இரண்டையும் வாங்கித் தரையில் இருந்த கீறலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவனுடைய கீறல்கள் ஒரு பக்கம் வளைந்திருந்தன. என்னுடையவை மறுபக்கம் வளைந்திருந்தன. தரையில் இருந்த ஆறு டைலிலும் கீறல்கள் என்னுடையவை மாதிரியே வளைந்திருந்தன.

"எங்க அப்பா படகுக்காரர்," என்றார் அதிகாரி. "சின்ன வயசுல அண்ணன் தம்பி நாலு பேரும் படகுப் பலகை தேய்ப்போம். எவன் ஒழுங்காத் தேய்க்கலைன்னு அப்பா கீறலப் பாத்தே அடிப்பார். ஒரு நாள்கூட ஆள் மாறி அடிச்சதில்ல."

பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னதை ஒருவர் மண்டிபோட்டுக் கண்டுபிடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு திர்ஹம் காசை எடுத்து, தேய்க்காத டைல்களின் மேல் படுக்கவைத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஒரு டைலிலிருந்து அடுத்த டைலுக்குப் போகும்போது எங்கேயாவது இடித்தால் மேடு இருக்கிறது என்று அர்த்தம். காசு கதவோரத்திலிருந்து அடுப்பு மேடை வரைக்கும் எங்கேயும் நிற்காமல் வழுக்கிப் போனது.

"பதிச்சவன் நல்லாத்தான் பதிச்சிருக்கான்," என்றார். "இந்த ஆறையும் எடுத்துட்டு, புது டைல என் முன்னால பதிக்கட்டும். அதையும் பாத்துட்டுச் சொல்றேன்."

"சார், அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். உங்களுக்கு ஆபீஸ்..."

"இதுவும் ஆபீஸ்தான்," என்று ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து நியூஸ் பேப்பரை விரித்துவிட்டார்.

எனக்கு அந்த ஆறு டைலுக்கும் கலவை போடுகிற தண்டனை கிடைத்தது. கூட்டாளி சின்ன உளியை எடுத்தான். நடுவிலிருந்து உடைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். பக்கத்து டைலில் ஒரு பொட்டுக்கூடத் தெறிக்கக்கூடாது. தெறித்தால் ஆறு ஏழாகும், கதை முடிந்துபோகும். அவனுடைய இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் உளியை ஒரு கணம் நிறுத்தி, இடம் பார்த்து, அப்புறம்தான் தட்டினான். அவ்வளவு நாள் அவனோடு ஒரே ரூமில் இருந்தும் அவன் இவ்வளவு பெரிய வேலைக்காரன் என்று எனக்குத் தெரியாது. அவன் பேச்சைக் கிண்டல் செய்யவே எனக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது.

"கலவை தண்ணியாய்க் கிடக்குது," என்றான் ஒருமுறை, திரும்பிப் பார்க்காமல்.

"இந்தா, கெட்டியாக்கிட்டேன்."

"இப்ப கல்லுப்போலக் கிடக்குது."

"உன் மனசு மாதிரியா?"

"என்ரை மனசு கல்லெண்டால் நீ இப்ப பொலிசிலை இருப்பாய்."

மூட்டை மேல் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் பேப்பருக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கியது.

ஆறாவது டைல் உட்காரும்போது மத்தியானத் தொழுகைக்கு, லுஹருக்கு, பாங்கு சொன்னார்கள். அதிகாரி எழுந்துபோய் முகம் கைகால் கழுவிக்கொண்டு, பக்கத்து அறையில் தொழுதுவிட்டு வந்தார். வந்து காசை எடுத்தார். அந்த மூலையில், ஒரு நூல் மேடு இருந்த அதே இடத்தில், புதுக் கலவை அழுந்தாமல் மெதுவாக வைத்துத் தள்ளினார். காசு போனது. எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினார். அப்படியும் போனது. இன்ஜினியரைப் பார்த்தார்.

"உனக்கு இவன் வேணுமா, வேண்டாமா?"

இன்ஜினியர் கீழே குனிந்து டைலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துல ஒரு சில்லுகூடப் போகல சார். வேணும்."

அதிகாரி அங்கேயே, அடுப்பு மேடை மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தொழில் என்ற இடத்தில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை அரபியில் எழுதினார். கூட்டாளிக்கு அரபி படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சட்டென்று கிச்சனை விட்டு வெளியே போய், மணல் குவியலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"உன் கார்டுல என்ன தொழில் போட்டிருக்கு?"

"தேய்க்கிறது சாப்."

"கொஞ்ச நாளைக்கு எதையும் தேய்க்காதே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மிச்சமிருந்த நாட்களில் எனக்கும் வேலை தேடினேன். மார்பிள் கம்பெனி, டென்ட் கடை, பேக்கரி என்று ஏறி இறங்கினேன். யாருக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு மேல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருத்தர் வேலையையும் அந்த மனிதர் நேரில் போய்ப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாராம். சமையலுக்கு மாறிய மலையாளி ஒருத்தன் கையால் மீன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று கேம்ப்பில் பேச்சு. மாதம் முடிந்தபோது வேலை கிடைக்காத எங்களை மறுபடி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேனேஜரை எதிரே உட்காரவைத்து, பாஸ்போர்ட், டிக்கெட், வேலை பார்த்ததற்கு ஒரு சர்டிபிகேட் எல்லாவற்றையும் அவர் கையாலேயே எங்களிடம் கொடுக்கச் செய்தார். கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுக்கச் சொன்னார். மூன்று வருஷத்தில் மேனேஜர் எனக்காக எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கூட்டாளி புதுக் கம்பெனி கேம்ப்பிலிருந்து என்னைப் பார்க்க வந்தான். அவனுக்கு அல் ஐனில் பெரிய வேலை ஒன்று, எட்டு வில்லா. நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சிமென்ட்.

"நீயும் பதிக்கப் பழகியிருக்கலாம் மச்சான்," என்றான்.

"நான் பதிச்சா நீ தேய்க்கணுமே. உனக்குத் தேய்க்கத் தெரியாதே."

"ஓம்," என்றான்.

கும்பிடவில்லை நான். அவன் மேலே போகாத என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன, இண்டைக்கு லீவோ?" என்று கேட்டான்.

நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லித்தான் போனான். மறுநாள் பெட்டியோடு ஏர்போர்ட் வாசலில் நின்று, கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். கவுண்ட்டர் மூடப்போகிற நேரம் வரைக்கும் அவன் வரவில்லை. கூட வந்த ஊர்க்காரப் பையன்தான் சொன்னான், காலையிலேயே அல் ஐனுக்கு வண்டி கிளம்பிவிட்டது, அவனுக்கு இன்றைக்கு டூட்டி என்று. சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.